இடுப்பு வலி: யாருக்கு எவ்வளவு சிகிச்சை? மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சயான், தாராவி, செம்பூர் பக்கத்திலிருந்து இடுப்பு வலியோடு வருகிறவர்களுக்குப் பிசியோதெரபி அளிப்பது என் வேலை. வருகிறவர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். அவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். வெளியே வரிசை நீண்டிருக்கும்போது அவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். இடுப்பு வலி என்று நான் சொல்வது விலா எலும்புக்குக் கீழிருந்து பிட்டம் வரை முதுகில் வரும் வலியை. அந்த வலி யாருக்கு நீடிக்கும் என்று முதலிலேயே கணித்து, அதற்கேற்ப சிகிச்சையைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கும் முறையைப் பற்றித்தான் கீழே உள்ள பதில்கள். அந்தக் கணிப்பைக் குறைந்த ஆபத்து, நடுத்தரம், அதிக ஆபத்து என்று மூன்றாகப் பிரித்துக் கேஸ் பேப்பரில் (மருத்துவமனைச் சீட்டில்) எழுதுவோம்.

எந்த அறிகுறி இருந்தால் காத்திருக்கவே கூடாது?

இதற்குப் பதில் சொல்லாமல் மற்றவற்றைப் பேசுவது சரியாகாது. சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, அல்லது தெரியாமல் கசிவது. மலத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது. தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போவது. இரண்டு கால்களும் வலுவிழப்பது, ஒரு பாதம் தொங்கிப்போவது. இவற்றில் எது இருந்தாலும் அன்றே, இரவானாலும் சரி, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளமாக இவை இருக்கலாம். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் சிறுநீர்ப்பையின் எதிர்காலத்தைப் பாதிக்கும்.

அவசரம் சற்றுக் குறைவு என்றாலும் சில நாட்களுக்குள் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டியவை வேறு சில. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாமல் உடல் இளைப்பது, படுத்தாலும் குறையாத இரவு வலி, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, கீழே விழுந்து அடிபட்டிருப்பது, நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருப்பது. நம் நகரத்தில் முதுகெலும்புக் காசநோயை மறக்கவே முடியாது. வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அதற்கு அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் குணமாகும்.

இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாதவர்களுக்குத்தான் கீழே சொல்லப்போகும் முறை பொருந்தும். இடுப்பு வலிக்காரர்களில் மிகப் பெரும்பான்மையினர் அவர்கள்தான்.

'அதிக ஆபத்து' என்று எழுதியிருக்கிறார்கள். கால் முடங்கிவிடுமா?

முடங்காது. இங்கே ஆபத்து என்பது ஒன்றே ஒன்று: இந்த வலி சில மாதங்கள் கழித்தும் போகாமல், வேலையையும் தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டு தங்கிவிடும் வாய்ப்பு. எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, நரம்பு எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. கேஸ் பேப்பரில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு இரவு முழுவதும் தூங்காமல் வந்தவர்கள் உண்டு. எழுதிக்கொடுப்பவர் ஒரு நிமிடம் செலவழித்து விளக்கியிருந்தால் அந்த இரவு மிஞ்சியிருக்கும்.

எப்படிக் கணிக்கிறீர்கள்?

இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2008-இல் வெளியான 'ஸ்டார்ட் பேக்' என்ற வினாப்பட்டியல்தான் இதில் அதிகம் அறியப்பட்டது. மொத்தம் ஒன்பது கேள்விகள், இரண்டு மூன்று நிமிட வேலை. அனைத்தும் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியவை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வருவதால் நான் வாய்மொழியாகக் கேட்கிறேன். அவற்றின் சாரம் இது.

இடுப்பு வலி காலுக்கும் பரவியதா? தோளிலோ கழுத்திலோ வலி இருந்ததா? வலியால் கொஞ்ச தூரம் மட்டுமே நடந்தீர்களா? உடை மாற்ற வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்ததா? இந்த நான்கும் உடலைப் பற்றியவை. அடுத்த ஐந்தும் வேறு திசையில் போகின்றன. இந்த நிலையில் உடலை அசைத்து வேலை செய்வது பாதுகாப்பானதல்ல என்று நினைக்கிறீர்களா? கவலை தரும் எண்ணங்கள் அடிக்கடி வந்துகொண்டே இருந்தனவா? இந்த வலி கொடுமையானது, இனிமேல் சரியாகவே ஆகாது என்று தோன்றுகிறதா? முன்பு மகிழ்ச்சி தந்தவை இப்போது மகிழ்ச்சி தராமல் போயினவா? கடைசியாக, மொத்தத்தில் இந்த வலி உங்களை எவ்வளவு தொந்தரவு செய்தது?

முதல் எட்டில் ஒவ்வொரு 'ஆம்' பதிலுக்கும் ஒரு மதிப்பெண். ஒன்பதாவதற்கு ஐந்து படிகள் உண்டு. 'மிகவும்', 'தாங்க முடியாத அளவுக்கு' என்ற மேல் இரண்டு படிகளுக்கு மட்டுமே ஒரு மதிப்பெண். மொத்தம் 3 அல்லது அதற்குக் கீழ் என்றால் குறைந்த ஆபத்து. 4 அல்லது அதற்கு மேல் போனால் கடைசி ஐந்து கேள்விகளைத் தனியாகக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டல் 3 வரை இருந்தால் நடுத்தரம். 4 அல்லது 5 என்றால் அதிக ஆபத்து.

எனக்கு உயிர் போகிற வலி. என்னைக் குறைந்த ஆபத்தில் சேர்த்திருக்கிறீர்களே?

உங்கள் வலியை யாரும் குறைத்து மதிப்பிடவில்லை. மூட்டை தூக்கும் ஒருவர் தசை பிடித்துக்கொண்டு நிமிரவே முடியாமல் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடை குறைந்திருக்கிறது, உடை மாற்றச் சிரமம், வலியின் தொந்தரவு மிக அதிகம்: மூன்று மதிப்பெண். ஆனால் 'முன்பும் வந்தது, போய்விட்டது, இதுவும் போய்விடும்' என்கிறார். அவருக்கு வலி கடுமை. நீடிக்கும் வாய்ப்பு குறைவு. இன்னொருவர் நன்றாக நடக்கிறார், காலில் வலி இல்லை. ஆனால் குனிந்தால் முதுகு உடைந்துவிடும் என்று பயப்படுகிறார், நாள் முழுதும் அதே கவலை, இனி வாழ்க்கையே இப்படித்தான் என்கிறார், பேரனைக் கொஞ்சக்கூட மனம் வரவில்லை. நான்கு மதிப்பெண், நான்கும் பின்பாதியில். அவர்தான் அதிக ஆபத்தில் இருப்பவர். பார்வைக்கு முன்னவர்தான் பெரிய நோயாளி. கூட்டம் நிறைந்த ஓபிடியில் (வெளிநோயாளிகள் பிரிவில்) மருத்துவரின் கவனம் முழுவதும் அவருக்கே போகும். பின்னவர் ஒரு மாத்திரைச் சீட்டோடு வெளியே வந்துவிடுவார். இந்தத் தவறைத் தடுப்பதற்காகத்தான் ஒன்பது கேள்விகளும்.

எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடாதா?

தெரிய வேண்டியதைவிடத் தேவையற்றது நிறையத் தெரியும். வலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளை 2015-இல் ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையில் உள்ள மெத்தை போன்ற தட்டு) தேய்மானம் இருந்தது. எண்பது வயதில் அது 96 சதவீதம். டிஸ்க் புடைத்திருப்பது இருபது வயதில் 30 சதவீதம், எண்பதில் 84 சதவீதம். திரும்பவும் சொல்கிறேன், இவர்கள் யாருக்கும் வலி கிடையாது.

இதை அறியாமல் 'எல் 4 - எல் 5 டிஸ்க் விலகியிருக்கிறது' என்ற வரியைப் படிக்கிறவர், இல்லாத ஒரு நோயைக் கூடவே வீட்டுக்கு எடுத்துப் போகிறார். அந்த வரியே அவரைக் குறைந்த ஆபத்திலிருந்து அதிக ஆபத்துக்குத் தள்ளிவிட முடியும். முதல் பதிலில் சொன்ன அறிகுறிகள் இருந்தாலோ, அறுவை சிகிச்சையோ ஊசியோ ஆலோசிக்கப்படும்போதோ எம்ஆர்ஐ அவசியம். ஊரிலிருந்து வந்த உறவினர் எடுத்தார் என்பதற்காக நகையை அடகு வைத்து எடுக்காதீர்கள்.

குறைந்த ஆபத்து என்றால் ஒன்றுமே செய்யாமல் அனுப்பிவிடுவீர்களா?

ஒருமுறை நன்றாகப் பரிசோதிக்கிறோம், அரை மணி நேரம் பேசுகிறோம், அனுப்புகிறோம். அந்த அரை மணி நேரம்தான் சிகிச்சை. பெரும்பாலோருக்கு முதல் ஆறு வாரங்களில் வலி நன்றாகக் குறைந்துவிடுகிறது என்பதையும், படுக்கையில் கிடந்தால் தாமதமாகும் என்பதையும் சொல்கிறோம். நடப்பது, வீட்டு வேலை, சமையல், முடிந்த அளவு வேலைக்குப் போவது எல்லாம் செய்யலாம். சூடான ஒத்தடம் இதமாக இருந்தால் கொடுங்கள். எந்த நிலையில் திரும்பி வர வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லி அனுப்புகிறோம்.

'பத்து நாள் மெஷின் வைக்க வரச் சொல்லவில்லையே' என்று மனம் வருந்துகிறவர்கள் அதிகம். பத்து நாள் வரச் சொல்வது எனக்கு எளிது, வருமானமும் கூட. ஆனால் தானே ஆறப்போகும் வலிக்குப் பத்து நாள் கூலியை இழக்கச் சொல்வதில் நியாயமில்லை. மேலும், மெஷின்தான் குணமாக்கியது என்று அவர் நம்பிவிடுவார். அடுத்த முறை வலித்ததும் தன் உடலை நம்பாமல் மெஷினைத் தேடி ஓடுவார்.

நடுத்தரம் என்றால்?

இவர்களுக்கு முறையான பிசியோதெரபி தேவை. சுமார் மூன்று மாதத்துக்குள் ஆறு முறை வரை வந்தால் போதும். உங்கள் வேலைக்கு ஏற்ற உடற்பயிற்சி, படிப்படியாகக் கூடும் பளு, தேவையானால் கையால் செய்யும் சில அசைவுச் சிகிச்சைகள். வீட்டில் தினமும் செய்வதில்தான் பலன் இருக்கிறது. என்னிடம் வருவது அதைச் சரிபார்க்கவும் அடுத்த படிக்கு ஏற்றவும்தான். மின்சார மெஷின், அல்ட்ராசவுண்ட், இழுவைக் கட்டு ஆகியவற்றை இடுப்பு வலிக்குத் தர வேண்டாம் என்றே இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016 வழிகாட்டுதலில் எழுதியது. அதே வழிகாட்டுதல், ஆபத்து நிலையைக் கணித்துச் சிகிச்சையைப் பிரித்துக் கொடுப்பதைப் பரிசீலிக்கும்படியும் சொன்னது.

அதிக ஆபத்து என்றால் மனதில்தான் நோய் என்கிறீர்களா?

இல்லை. வலி உண்மை, அது உடலில்தான் இருக்கிறது. பயமும் கவலையும் தூக்கமின்மையும் அதை நீட்டிக்கின்றன, அவ்வளவுதான். பயந்தவர் அசைவதில்லை, அசையாத உடல் வலுவிழக்கிறது, வலுவிழந்த உடல் சிறிய வேலைக்கும் வலிக்கிறது, அந்த வலி பயத்தை உறுதி செய்கிறது. இந்தச் சுற்றில் எந்த இடத்திலும் நோயாளியின் குற்றம் என்று எதுவும் இல்லை. பல நேரங்களில் சுற்றைத் தொடங்கி வைத்ததே வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் சொன்ன வாக்கியம்தான்.

தாராவியில் ஒரு பட்டறையில் தையல் வேலை செய்யும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வலி வந்த புதிதில் யாரோ அவரிடம், 'டிஸ்க் தேய்ந்துவிட்டது, இனிமேல் குனியவே கூடாது, பாரம் தூக்கவே கூடாது' என்று சொல்லிவிட்டார்கள். குழாயில் தண்ணீர் வருவதே விடிகாலையில் கொஞ்ச நேரம். குனியாமல், குடம் தூக்காமல் அந்த வீட்டில் எப்படி வாழ்வது? மகள் பள்ளிக்குத் தாமதமாகிறாள், மாமியார் முணுமுணுக்கிறார், பட்டறையில் பாதி நாள்தான் உட்கார முடிகிறது, சம்பளம் குறைகிறது. இத்தனையும் அவர் முதுகில் ஏறிக்கொள்கின்றன. இவரிடம் போய் 'பத்து முறை இடுப்பைத் தூக்கி இறக்குங்கள்' என்று படம் போட்ட தாளை நீட்டுவது அவமதிப்பு.

முதல் சந்திப்பில் நான் செய்வது பெரும்பாலும் கேட்பதுதான். வலி எப்படித் தொடங்கியது, யார் என்ன சொன்னார்கள், உள்ளே என்ன நடப்பதாக நினைக்கிறார், எதற்கு மிகவும் பயப்படுகிறார், வலி இல்லாவிட்டால் முதலில் என்ன செய்வார். இடையில் புகுந்து திருத்துவதில்லை. பிறகு உடலை முழுமையாகப் பரிசோதித்து, நரம்பு நன்றாக வேலை செய்வதை அவர் கண் முன்னால் காட்டுகிறேன். 'உங்கள் கால் வலுவாக இருக்கிறது பாருங்கள்' என்ற ஒரு வாக்கியத்துக்குச் சிலர் அழுதுவிடுவார்கள்.

அதன்பின் குடத்துக்கு வருவோம். முதலில் வெறும் பிளாஸ்டிக் குடம், ஸ்டூல் மேலிருந்து. மூச்சைப் பிடித்து முதுகை விறைக்காமல், இயல்பாகக் குனிந்து. அடுத்த வாரம் அதே வெறும் குடம், தரையிலிருந்து. பிறகு கால் குடம் தண்ணீர், அரைக் குடம். வலி கொஞ்சம் எட்டிப் பார்த்தால் நிறுத்துவதில்லை. காயம் என்பதும் வலி என்பதும் எப்போதும் ஒன்றாகப் போவதில்லை என்பதை அவர் கை தூக்கும் குடத்தைக் கொண்டே கற்றுக்கொள்கிறார். நல்ல நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்து அடுத்த இரண்டு நாள் படுத்துவிடும் பழக்கத்தை மாற்றுகிறோம். தூக்கத்தைச் சீர்படுத்துகிறோம். வலி திடீரென்று கூடும் நாளில் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறோம். இந்தச் சிகிச்சையும் ஏறத்தாழ ஆறு சந்திப்புகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் நீளமானது, அதற்குத் தனிப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் தேவை.

கடைசி ஐந்து கேள்விகளைக் கேட்கும்போது சில நேரம் ஆழ்ந்த மனச்சோர்வு வெளிப்படும். 'இருந்து என்ன பயன்' என்ற பேச்சு வந்தால் அது பிசியோதெரபியால் மட்டும் தீர்வதில்லை. மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416; எந்த நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலும் பேசலாம்.

இந்த முறை உண்மையிலேயே பலன் தருகிறதா?

2011-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுதான் இதற்கு அடித்தளம். இங்கிலாந்தில் 851 நோயாளிகள். ஒரு பிரிவினருக்கு ஆபத்து நிலைக்கேற்ற சிகிச்சை, மற்றவர்களுக்கு அப்போது வழக்கத்தில் இருந்த பிசியோதெரபி. அன்றாட வேலைகளில் உள்ள சிரமத்தை 24 புள்ளி அளவுகோலில் அளந்தார்கள். நான்கு மாதத்தில் முதல் பிரிவில் 4.7 புள்ளியும் மற்றதில் 3.0 புள்ளியும் குறைந்தன, ஓராண்டில் 4.3, 3.3. வேறுபாடு பிரம்மாண்டமானதல்ல. ஆனால் செலவும் சற்றுக் குறைந்தது, குறைந்த ஆபத்துக்காரர்கள் குறைவான சிகிச்சையால் எதையும் இழக்கவில்லை. 2014-இல் வெளியான ஆய்வில், அங்கேயே குடும்ப மருத்துவர்களின் அன்றாடச் சூழலில் 922 பேரிடம் இதை நடைமுறைப்படுத்திப் பார்த்தபோது, வேலைக்கு விடுப்பு எடுத்த நாட்கள் பாதியாகக் குறைந்தன.

அமெரிக்காவில் கதை வேறு. வாஷிங்டன் மாநிலத்தில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், வினாப்பட்டியலையும் கணினியில் ஏற்றினார்கள்; ஆனால் நோயாளிக்குக் கிடைத்த சிகிச்சை முன்பு போலவேதான் இருந்தது. அதிக ஆபத்துக்காரர்களை மட்டும் தேர்ந்தெடுத்து 2021-இல் வெளியான இன்னொரு பெரிய அமெரிக்க ஆய்விலும், தனிப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பிய பிரிவு, வழக்கமான சிகிச்சை பெற்ற பிரிவு இரண்டிலும் வலி நாள்பட்டதாக மாறியவர்கள் ஏறக்குறையப் பாதிப்பேர்.

இந்த முடிவுகளை நான் மறைத்துப் பேச விரும்பவில்லை. எனக்கு அவை சொல்வது இது: மதிப்பெண் போடுவதால் யாருக்கும் வலி குறையாது. அதிக ஆபத்து என்று எழுதிவிட்டு எல்லோருக்கும் கொடுக்கும் அதே பத்து நிமிடத்தையும் அதே தாளையும் கொடுத்தால் காகிதம்தான் வீண். நம் நகரத்து மருத்துவமனைகளில் இதைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது, அந்த நீண்ட சந்திப்புக்கு நேரமும் பயிற்சி பெற்ற ஆளும் இருக்கிறார்களா என்பதைத்தான்.

காலில் மரத்துப்போய்ச் சுரீரென்று இழுக்கிறது. நரம்பு நசுங்கியிருந்தால் இந்தக் கணக்கு பொருந்துமா?

பொருந்தும், ஆனால் கூடுதல் கண்காணிப்போடு. டிஸ்க் பிதுங்கி வரும் கால் வலி, இடுப்பு வலியைவிட மெதுவாகத்தான் ஆறும். பிதுங்கிய பகுதி பெரும்பாலும் மாதக்கணக்கில் தானே சுருங்குகிறது. வலு குறைந்துகொண்டே போகிறதா என்பதை ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். குதிகாலில் நடக்க முடிகிறதா, நுனிக்காலில் நிற்க முடிகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். குறைந்தால் உடனே வாருங்கள். ஆறு வாரத்துக்கு மேல் தாங்க முடியாத கால் வலி நீடித்தால் அறுவை சிகிச்சை நிபுணரைக் கலந்தாலோசிப்பதில் தவறில்லை. கால் அறிகுறி எதுவும் இல்லாத வெறும் இடுப்பு வலிக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ள அவசரப்பட வேண்டாம்.

மாத்திரை?

பாராசிட்டமால் மட்டும் கொடுத்தால் புதிய இடுப்பு வலி விரைவாக ஆறுவதில்லை என்று ஆஸ்திரேலியாவில் 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. புரூஃபன் வகை மாத்திரைகள் சில நாட்களுக்கு உதவலாம். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. கால் வலிக்கு அடிக்கடி எழுதப்படும் பிரிகாபலின், 2017-இல் வந்த ஆய்வில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை, தலைசுற்றல்தான் அதிகம். ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலி மருந்துகளும் புதிய இடுப்பு வலிக்கு வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை என்பது 2023 ஆய்வின் முடிவு. பெயரில்லாத பொட்டலத்தில் 'ஒரே நாளில் வலி போகும்' என்று விற்கும் பொடியை வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

இடுப்பு பெல்ட், தரையில் படுப்பது, எண்ணெய் தேய்ப்பது?

பெல்ட் தேவையில்லை. கட்டினால் தெம்பாக இருக்கிறது என்றால் முதல் சில நாட்களுக்கு வெளியே போகும்போது கட்டிக்கொள்ளுங்கள், பழக்கமாக்க வேண்டாம். கட்டாந்தரையில் படுக்க வேண்டும் என்பது கட்டாயமல்ல. நாள்பட்ட இடுப்பு வலி உள்ளவர்களிடம் ஸ்பெயினில் செய்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பது சுகம் தந்தால் தாராளமாகச் செய்யுங்கள். எலும்பைச் சொடுக்கி ஏற்றுவதாகச் சொல்கிறவரிடம் மட்டும் போகாதீர்கள், முக்கியமாக அறுபது வயதைக் கடந்த பெண்கள்; எலும்பு மெலிந்திருந்தால் முறியும்.

வேலைக்குப் போகலாமா? லோக்கல் டிரெயினில் நின்றுகொண்டு எப்படி?

கல்யாணிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் தாதர் வரை நின்று வருவது நல்ல முதுகுக்கே சோதனை. ஆனாலும் முழுமையாக வீட்டில் இருப்பதைவிட ஏதோ ஒரு வகையில் வேலைக்குத் திரும்புவது நல்லது. முடிந்தால் நேரத்தை மாற்றிக் கேளுங்கள். கூட்டம் குறைந்த ஸ்லோ டிரெயினைப் பிடியுங்கள். ஓடும் வண்டியில் தொற்றி ஏறாதீர்கள். அலுவலகத்தில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள்; 'சரியான' உட்காரும் முறை என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக இருப்பதால் பயனில்லை, அடிக்கடி நிலையை மாற்றுவதுதான் உதவும். விடிகாலையில் இட்லி அண்டாவைத் தலையில் சுமந்து போகிறவர்களிடம் 'ஓய்வெடுங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரே நடையில் கொண்டுபோவதை இரண்டு நடையாக்க முடியுமா, வீட்டில் யாராவது ஒரு வாரம் துணைக்கு வர முடியுமா என்றுதான் பேசுவோம்.

மும்பையில் எங்கே போவது?

சயான் மருத்துவமனை என்று நாம் சொல்லும் லோக்மான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை, பரேலில் உள்ள கேஇஎம் மருத்துவமனை இரண்டிலும் எலும்பு மருத்துவப் பிரிவும் பிசியோதெரபிப் பிரிவும் உண்டு. ஹாஜி அலியில் உள்ள அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனம் மத்திய அரசுடையது. காலையில் சீக்கிரம் போய்க் கேஸ் பேப்பர் எடுத்துவிடுங்கள். எங்கே போனாலும் ஒன்பது கேள்விப் பட்டியலைக் கேட்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். நீங்களே உங்கள் பதில்களைச் சொல்லலாம். இந்தியோ மராத்தியோ சரளமாக வராத பெரியவர்களோடு, அவர்கள் மனம் விட்டுப் பேசத் தயங்காத ஒருவர் போக வேண்டும். மருமகன் மொழிபெயர்த்தால் மாமியார் கவலையைச் சொல்ல மாட்டார்.

சரியான பிறகு மறுபடியும் வந்துவிடுகிறதே?

வரத்தான் செய்யும், இடுப்பு வலியின் இயல்பு அது. தள்ளிப்போட நடை உதவுகிறது. வலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் ஆஸ்திரேலியாவில் செய்து 2024-இல் வெளியான ஆய்வில், பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலோடு படிப்படியாக நடைப்பயிற்சி செய்தவர்களில் பாதிப்பேருக்கு வலி திரும்ப 208 நாட்கள் ஆயின. நடைத் திட்டம் இல்லாதவர்களுக்கு 112 நாட்கள். மாட்டுங்காவின் ஐந்து தோட்டங்களோ, தாராவி 90 அடி சாலையின் விடிகாலையோ, எது வசதியோ அங்கே நடங்கள்.

திரும்பி வரும்போது ஒன்பது கேள்விகளையும் புதிதாகக் கேட்க வேண்டும். போன முறை குறைந்த ஆபத்தில் இருந்தவர் இந்த முறை வேலையை இழந்து, தூக்கம் கெட்டு, நடுத்தரத்துக்கோ அதிகத்துக்கோ போயிருக்கலாம், எதிர்த்திசையிலும் நடக்கும். பழைய எம்ஆர்ஐ உறையை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். கடந்த இரண்டு வாரத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிந்தது, எத்தனை இரவு தூக்கம் கெட்டது, பயந்து எந்த வேலையை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள், எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். எழுத வராவிட்டால் வரும் வழியில் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கிருந்து கேட்கத் தொடங்குகிறேன்.